மறு: 'ஃபிளா'வுக்குக் குறைபாடு வேண்டாம், 'கோணல்' என்று வைப்போம்

அன்பு நண்பர்களுக்கு,

> ஃபிளா = குறைபாடு. வெப்பன் கிராஃப்டிங் = ஆயுதத் தயாரிப்புத் திறன். இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

இப்போதே முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை வீசி ஆடும் நம் கதையாட்டத்தில், 'ஃபிளா' என்பது பாத்திரத்தின் குணத்தில் இருக்கும் சிக்கல், 'வெப்பன் கிராஃப்டிங்' என்பது அது ஆயுதம் செய்யும் திறன். இரண்டு சொல்லும் நம் விதிநூலில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகின்றன. அதைவிட முக்கியம், ஆட்டத்தின் நடுவே பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சொற்கள் இவை. நாக்கில் உட்காராத சொல்லை அச்சிட்டால், ஆடுகிறவர்கள் இரண்டாம் நாளே ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள்.

முதலில் குறைபாடு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு என்று அந்தச் சொல் உடம்போடு ஒட்டிவிட்டது. 1986இல் வந்த கர்ப்ஸ் ஆட்டத்தில் 'டிஸ்அட்வான்டேஜ்' என்ற ஒரே பட்டியலில் ஒற்றைக்கண்ணும் இருக்கும், பேராசையும் இருக்கும். எதை எடுத்தாலும் பாத்திரம் படைக்கக் கூடுதல் புள்ளி கிடைக்கும். ஒரு கால் இல்லாத வீரனையும் பொய் சொல்லாமல் இருக்க முடியாத வீரனையும் ஒரே பெயரில் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. நாம் பெயர் தேடுவது குணத்தில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும்.

'வழு' அழகான சொல்தான். ஆனால் மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் அதை 'பக்'குக்கு எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது. "என் பாத்திரத்தில் ஒரு வழு இருக்கிறது" என்றால் விதிநூலில் பிழை என்றுதான் நினைப்பார்கள். 'குற்றம்' காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. 'பலவீனம்' பொருளையே மாற்றுகிறது. கூட வந்தவனை விட்டுவிட்டு ஓட மாட்டாத ஒரு வீராங்கனையின் பிடிவாதம் பலவீனமா? பல நாள் அவளைக் காப்பாற்றியதும் அதுதான், ஒரு நாள் கொல்லப்போவதும் அதுதான். நல்ல 'ஃபிளா' எப்போதும் இப்படி இருபுறமும் வெட்டும்.

நான் முதலில் மனத்தில் வைத்திருந்தது 'உட்கோட்டம்'. "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்" என்பது 119ஆம் குறள். உள்ளத்தில் இருக்கும் வளைவு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று உட்கோட்டம் என்றால் காவல்துறை நிர்வாகப் பிரிவுதான் நினைவுக்கு வரும். மனமில்லாமல்தான் விட்டேன்.

அதே வளைவைச் சொல்லும் வழக்குச் சொல் நம்மிடம் இருக்கிறதே: கோணல். புத்தி கோணல், மனக்கோணல் என்று இப்போதும் சொல்கிறோம். வினைகளும் கூடவே வருகின்றன. கோணல் இழுக்கும், கோணலை நிமிர்த்தலாம். "உன் பாத்திரத்தின் கோணல் என்ன?" என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சூடாக்கி எண்ணெயில் தோய்த்தெடுத்த வாளுக்கும் இதே சொல்தான். சூடான இரும்பை ஒரு பக்கம் முன்னதாகக் குளிரவிட்டால் அலகு கோணிக்கொள்ளும்.

இந்த இரட்டைப் பொருளை விதியாகவே ஆக்கிப் பார்த்தோம். போன மாதச் சோதனை ஆட்டத்தில் ஒரு தோழி கொல்லர் பாத்திரம் எடுத்தார். தாளில் எழுதிய கோணல்: 'செய்த தவற்றை ஒப்புக்கொள்ள மாட்டாள்.' வாளைத் தோய்க்கும் கட்டத்தில் 20 முகப் பகடையில் 4 மட்டுமே விழுந்தது, தோல்வி. ஆட்டத்தை நடத்துபவர், "எண்ணெய்க்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, உனக்கு மட்டும்" என்றார். தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அந்த வாள் மூன்று அமர்வுகள் கழித்து வேறொருவர் கையில் முறிந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தோற்ற பகடை வாளை அழிக்கவில்லை. வாளுக்கு ஒரு கோணலைக் கொடுத்தது. ஆளின் கோணல் அதை மறைத்தது. ஒரே சொல்லாக இருந்ததால் இரண்டும் கோத்துக்கொண்டன.

சரி, கைவினைப் பக்கம். 'ஆயுதத் தயாரிப்பு' என்றால் தொழிற்சாலைதான் கண்ணில் நிற்கிறது. "வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்று புறநானூறு 312இல் பொன்முடியார் சொல்வதிலிருந்து 'வடிப்பு' என்று எடுக்கலாம்: வாள்வடிப்பு, வேல்வடிப்பு. சோறு வடிப்பது நினைவுக்கு வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலை வடிக்கிறோம், கவிதை வடிக்கிறோம், குழப்பம் வந்ததில்லை. வில்லுக்கு மட்டும் வடிப்பு ஒட்டாது, அது மரவேலை. 'இழைப்பு' என்று தனியாக வைக்கலாம். 2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பிலும் வாள் செய்வதும் வில் செய்வதும் தனித்தனித் திறன்கள்தான். அங்கே எளிய ஆயுதத்துக்கு 12, போர் ஆயுதத்துக்கு 15, உயர்தரமாக வேண்டுமென்றால் 20 என்று எட்ட வேண்டிய இலக்கு எண். ஒரு வார உழைப்புக்கு ஒரு பகடை வீச்சு. கணக்குச் சரி, ஆனால் அந்த ஒரு வாரத்தில் உலையருகே என்ன நடந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அதனால் வடிப்பை நான்கு வீச்சாகப் பிரித்திருக்கிறோம்: அடிப்பு, தோய்ச்சல், பதம், சாணை. நடுவிலுள்ள இரண்டையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள். செக்கச்செவேலென்று காய்ந்த எஃகைச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ இறக்குவது தோய்ச்சல். அப்போது அலகு கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மறுபடி 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை இளஞ்சூடு காட்டினால்தான் வளைந்து கொடுக்கும். துடைத்த எஃகின் மேல் முதலில் வைக்கோல் நிறம் படரும், சூடு ஏற ஏறப் பழுப்பு, ஊதா, நீலம். எந்த நிறத்தில் நிறுத்துகிறாய் என்பதுதான் கைத்தேர்ச்சி. அதற்குப் பதம் என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. அவசரக் கோணல் உள்ள பாத்திரம் தாண்டிப்போக ஆசைப்படுவதும் இந்தக் கட்டத்தைத்தான்.

கோணலுக்குக் கூலி எப்போது என்பதையும் சொல் தீர்மானிக்கட்டும். கர்ப்ஸ் போல முன்கூட்டியே புள்ளி கொடுத்தால், ஒருபோதும் குறுக்கே வராத கோணலாகப் பார்த்து எடுப்பார்கள். ஃபேட் ஆட்டத்தில் அது உண்மையிலேயே சிக்கலில் மாட்டிவிடும்போதுதான் புள்ளி கைக்கு வரும். நானும் அந்தப் பக்கம்தான். 'கோணல் இழுத்தால் ஒரு புள்ளி' என்று விதி எழுதிவிடலாம்.

'குவர்க்'குக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கர்ப்ஸில் அது ஒரே ஒரு புள்ளி பெறும் சின்ன விசித்திரம்: தும்மினால் மூன்று எண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன் என்பது மாதிரி. 'சிறுகோணல்' என்று வைத்தால் கோணலின் கனம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறேன். வேறு வேரிலிருந்து யாராவது ஒரு சொல் தாருங்கள்.

அன்புடன்.