பாசி மேய, 200 லிட்டர் ரீஃப் (பவள) தொட்டிக்கு எத்தனை நத்தை, எத்தனை நண்டு?

உப்புத்தண்ணி (சிங்கப்பூர்):
200 லிட்டர் தொட்டி, மணல் 3 செ.மீ., சைக்கிள் (கழிவை முறிக்கும் பாக்டீரியா வளரும் காலம்) முடிந்து 6 வாரம். க்ளௌன் மீன் 2, கொஞ்சம் ஜோயாந்தஸ் பவளம். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08. மணல்மேல் பழுப்புத் தூள், கண்ணாடியில் பச்சைப் படலம், பாறையில் ஓரிடத்தில் முடிப்பாசி. கடையில் ஹெர்மிட் நண்டு (காலி ஓட்டில் குடியிருப்பது) 30, டர்போ நத்தை 10, கடல் அட்டை 1, மணல் நட்சத்திரமீன் 1 என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பாசிக்காரன்:
வேண்டாம். பழுப்புத் தூள் டயட்டம், சிலிக்கேட்டில் வளரும் நுண்பாசி. புதுத் தொட்டியில் சிலிக்கேட் தீர்ந்ததும் தானே குறையும். அதை நம்பி 42 உயிரை இறக்கினால் பட்டினியில் சாகும், அழுகி அம்மோனியாவை ஏற்றும். லிட்டர் கணக்குப் பார்த்து வாங்காதீர்கள், தொட்டியில் தீனி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போதைக்கு நத்தை மட்டும்: ட்ரோக்கஸ் 4, செரித் 5, நசாரியஸ் 3. மூன்று வாரம் கழித்தும் கண்ணாடி இரண்டே நாளில் பச்சையானால் ட்ரோக்கஸ் இன்னும் 2. அஸ்ட்ரியா நத்தை மலிவுதான், ஆனால் மணலில் கவிழ்ந்தால் தானாக நிமிராது, ட்ரோக்கஸ் நிமிர்ந்துகொள்ளும். நசாரியஸ் பாசியைத் தொடாது, மீந்த தீனிக்கு மட்டும். முடிப்பாசியை முதலில் கையால் பிடுங்குங்கள். நீண்டதை நத்தை சீண்டாது, பிடுங்கிய பிறகு மிஞ்சும் கட்டையைத்தான் மேயும். டர்போ, பாறையில் ஒட்டாத ஃப்ராக்கை (பவளத் துண்டை) எல்லாம் உருட்டிவிடும். தண்ணீர் ஆர்ஓ-டிஐ (கரைந்ததை எல்லாம் வடிகட்டி நீக்கியது) தானே? உப்புக் கலக்கும் முன் டிடிஎஸ் (கரைந்த பொருள் அளவு) 0 இருக்கணும்.

பவளத்திட்டு:
மணல் நட்சத்திரமீன் மணலுக்குள் இருக்கும் பூச்சி புழுவைத் தின்றுதான் வாழும். 200 லிட்டரில் அது சில மாதத்தில் தீர்ந்துவிடும், பிறகு கை கையாகக் கரையும். கடல் அட்டை பம்ப்பில் சிக்கினால் விடும் நஞ்சு மீனையே கொல்லலாம். ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் எடுத்து வரலாம் என்ற யோசனையும் வேண்டாம்: இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை 1-இல், பிடிக்கவே கூடாது. ஹெர்மிட் வேண்டுமானால் 3 போதும், கூடவே பெரிய காலி ஓடு பத்து போடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும்.

உப்புத்தண்ணி:
நண்டு இல்லாமல் 12 நத்தை இறக்கினேன். இரண்டாம் நாள், ட்ரோக்கஸ் 2 மணலில் அசையாமல் கிடக்கிறது. பையை அரை மணி மிதக்கவிட்டு அப்படியே எடுத்துப் போட்டேன்.

பாசிக்காரன்:
மோந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் உடனே வெளியே எடுங்கள். வாடை இல்லை, தொட்டால் ஓட்டுவாய் மூடியை உள்ளே இழுக்கிறது என்றால் உயிர் இருக்கிறது. பாறைமேல் நிமிர்த்தி வையுங்கள். மிதக்கவிட்டால் வெப்பம்தான் சமமாகும், உப்பு ஆகாது. மிச்சப் பைத் தண்ணீர் இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். தொட்டியில் முன்பு மீனுக்குச் செம்பு மருந்து போட்டதுண்டா? நத்தைக்கு அது ஆகாது.

உப்புத்தண்ணி:
மருந்து எதுவும் இல்லை. பைத் தண்ணீர் 1.019! ஒன்று நாறுகிறது, எடுத்துவிட்டேன். இன்னொன்று மூடியை இழுக்கிறது.

பாசிக்காரன்:
அதுதான் காரணம். அடுத்த முறை ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைப் பைக்குள் வினாடிக்கு 2 சொட்டு விடுங்கள். பைத் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை, எப்படியும் ஒன்றரை மணி நேரம். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பவளத்திட்டு:
இன்னும் ஒன்று: பழுப்பு, தூளாக இல்லாமல் சளி நூல் போல நீண்டு, நுனியில் குமிழி தாங்கி நின்றால் டைனோவாக (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். அதை மேய்ந்த நத்தை சாகும். நாளை மதியம், விளக்கு எரிந்து சில மணி ஆன பிறகு பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை புதிதாக எதையும் இறக்க வேண்டாம்.