புதுப்பிப்பு: ஹோ மழைக்காட்டிலிருந்து நனைந்தபடி வெளியே வந்தோம்

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், அக்டோபர் மழையில் ஹோ ஆற்றோரம் நடக்க வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் போதுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள். கேட்டேனா?

இரண்டாம் இரவே இறகெல்லாம் கட்டிதட்டி, ஊறப்போட்ட அவல் மாதிரி ஆகிவிட்டது. இருந்த உடுப்பையெல்லாம் மாட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். செயற்கை இழை பை வைத்திருந்த நண்பர் குறட்டை விட்டார்.

சரி, திரும்பிவிடலாம் என்று மூவரும் முடிவு செய்தோம். ஒலிம்பஸ் காவலர் குடிலருகிலிருந்து வண்டி நிறுத்தம் ஏறத்தாழ 9 மைல். பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் பாதி இடத்தில் பாதையே வாய்க்கால். நனைந்த கூடாரம் தோளில் கல்லாய்க் கனத்தது. வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் காடு, குறை சொல்ல முடியாது. பாசி தொங்கும் மேப்பிள் மரங்கள் மஞ்சளாய் நின்றதைப் பார்க்கத்தான் வந்தோம், அதைப் பார்த்தோம். ஓரிடத்தில் எல்க் மான் கூட்டம் வழிமறித்தது. இது அவற்றின் இணைசேரும் காலம், கடாக்கள் முரட்டுத்தனமாக இருக்கும். கால் மணி நேரம் தள்ளியே நின்றோம்.

வண்டியில் விட்டுவைத்திருந்த உலர்ந்த காலுறைதான் இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அப்புறம், ஃபோர்க்ஸ் ஊரில் சூடான சூப். பை இன்னும் காயவில்லை.