பொருள்: பாளவெப்பி, வடத்தடம், அசைநீளம்

அன்புடையீர், வணக்கம்.

டீசல் சரக்குந்துக் கையேட்டில் வரும் ‘என்ஜின் பிளாக் ஹீட்டர்’ என்னும் கருவிக்கும், அதன் மின்வடத்தை என்ஜின் அறைக்குள் கொண்டுசெல்லும் வேலைக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். நம் கலைச்சொல் குழுவுக்கு வந்த பரிந்துரைகளுள் ‘தடுப்பு வெப்பி’யை உடனே விலக்கிவிடலாம். இங்கே பிளாக் என்பது எதையும் தடுப்பதன்று. உருளைகள் (சிலிண்டர்கள்) குடையப்பட்டு, ஒரே வார்ப்பாக அமைந்த என்ஜினின் நடுப்பகுதி அது. ‘கட்டை வெப்பி’ பொருளளவில் சரியே என்றாலும், படிப்பவருக்கு விறகடுப்புத்தான் நினைவுக்கு வரும்.

‘முன்சூடாக்கி’ என்ற பரிந்துரைதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கேட்க இனிமையான சொல். ஆனால் டீசல் என்ஜினில் அந்தப் பெயருக்கு முன்பே உரிமை கோரக்கூடியவை வேறு இருக்கின்றன. எரியறைக்குள் நீட்டிக்கொண்டு அதைச் சூடாக்கும் முளையான குளோ பிளக்கும், சில என்ஜின்களில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கம்பிச் சட்டமும் பேட்டரி மின்சாரத்தில் சில நொடிகள் மட்டும் இயங்குபவை. நாம் பெயர் தேடும் கருவியோ வண்டி நிற்கும் இடத்துச் சுவரிலுள்ள மின்னிணைப்பில் மணிக்கணக்கில் இயங்கி, பிளாக்குக்குள் இருக்கும் குளிர்விப்பு நீர்மத்தைச் சூடாக்குவது. இவ்விரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால், ‘முன்சூடாக்கியைச் சரிபார்க்கவும்’ என்ற வரியைப் படிக்கும் தொழிலாளி தவறான இடத்தில் கைவைப்பார்.

‘பொறி வெப்பி’யில் வேறொரு சிக்கல் இருக்கிறது. டீசல் பொறியில் பொறியே கிடையாது! அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. கடுங்குளிரில் உருளையின் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுவதும், எண்ணெய் கெட்டிப்பட்டு என்ஜினைச் சுழற்றுவது கடினமாவதும், பேட்டரியின் வலிமை குறைவதும் ஒன்றுசேர்வதால்தான் இந்தக் கருவியே தேவைப்படுகிறது. தீப்பொறியைப் பற்றியும் என்ஜினைப் பற்றியும் ஒரே பத்தியில் பேச நேரும் நூலில் இருபொருள்படும் சொல் வேண்டாம். ‘என்ஜின்’ என்றே இருக்கட்டும். நான் முதலில் ‘என்ஜின் உடல் வெப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். பட்டறையில் ‘பாடி’ என்றால் வண்டியின் கூடு என்பதால் அதையும் அடித்துவிட்டேன்.

என் பரிந்துரை ‘பாளவெப்பி’. பாளம் என்பது திண்மையான உலோகத் துண்டு. குடைவதற்கு முன்னுள்ள வார்ப்பை மனக்கண்ணில் நிறுத்தினால் பொருத்தம் விளங்கும். வெப்பி அமர்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடுவது இந்தக் கருவிக்குப் புதிய வழக்கமும் அன்று. வட அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் 1949இல் காப்புரிமை பெற்ற வெப்பி, என்ஜின் தலைப்பகுதியை இறுக்கும் மரையாணிகளுள் ஒன்றின் இடத்தில் பொருந்துவது. அந்த ஆணியின் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் பாளத்தின் பக்கத்திலுள்ள ஒரு மூடியை அகற்றி அந்தத் துளையிலேயே வெப்பியைச் செருகுகிறார்கள். எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் வகைக்கு ‘தொட்டிவெப்பி’ என்று அதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம்.

இனி வடத்துக்கு வருகிறேன். சென்ற மடலில் நானே முன்வைத்த ‘வெப்பிக்கம்பி’யைத் திரும்பப் பெறுகிறேன். அது சூடாகும் கம்பி என்ற பொருளைத் தருகிறது. இந்தக் கம்பியோ சூடாகவே கூடாதது. வெப்பியின் திறன் வண்டிக்கேற்ப ஏறத்தாழ 400 முதல் 1500 வாட் வரை இருப்பதால், இணைப்பு முழுதாக உட்காராமல் தளர்ந்திருந்தாலோ, மெல்லிய நீட்டிப்பு வடத்தைச் சேர்த்தாலோ அந்த இடம் சூடேறி உருகிவிடும். ஆகவே ‘மின்வடம்’ என்பதே பொருந்தும். வடம் என்றால் பருமனான கயிறு என்று ஒருவர் மறுத்திருந்தார். முத்துவடத்தில் என்ன பருமன் இருக்கிறது?

அந்த மின்வடத்தை இன்ன வழியாகக் கொண்டுசெல்வது என்று முடிவுசெய்து கட்டும் வேலைக்கு, ‘ரூட்டிங்’ என்பதற்குக் கணினித்துறையில் வழங்கும் ‘திசைவித்தல்’ வேண்டாம். கணினி வலையமைப்பில் ஒவ்வொரு பொதிக்கும் வழி புதிதாகத் தேடப்படுகிறது. இங்கே ஒருமுறை வகுத்த வழி வண்டியின் ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டும். ‘வழிப்படுத்தல்’ அறவுரை போல ஒலிக்கிறது. எனவே வழிக்கு ‘வடத்தடம்’, வேலைக்குத் ‘தடமிடல்’ என்கிறேன். கட்டு அறுந்து வடம் விசிறிப் பட்டையில் விழுந்தால் ‘தடம் புரண்டது’ என்று சொல்லவும் வழி கிடைக்கிறது.

எனக்கு மிகவும் தேவைப்படும் சொல், யாருமே கேட்காத ஒன்று. என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. கிளம்பும்போதும் சுமையிழுக்கும்போதும் அது ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, அடிச்சட்டமோ அசையாமல் நிற்கிறது. வடம் என்ஜினிலிருந்து சட்டத்துக்குத் தாவும் இடத்தில் விறைப்பாகக் கட்டினால், நாளடைவில் வெப்பியின் முனையிலேயே பிய்ந்துவிடும். மிகையாக விட்டாலோ, தொங்கிச் சென்று புகைக்குழாயையோ டர்போவையோ ஸ்டியரிங் தண்டையோ தொடும். அளவறிந்து விடப்படும் இந்தக் கூடுதல் நீளத்தைத் ‘தளர்வு’ என்றால் சரியாகக் கட்டாதது போலவும், ‘தொய்வு’ என்றால் பழுது போலவும் தோன்றுகிறது. வேண்டுமென்றே விட்டது என்ற குறிப்பு சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பதால் ‘அசைநீளம்’ என்று வைத்திருக்கிறேன். யாப்பிலக்கணத்து அசை நினைவுக்கு வருமே என்பீர்கள். என்ஜின் அறைக்குள் அந்தக் குழப்பம் நேராது என்று நம்புகிறேன்.

பரிந்துரைத்த சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கக் கையேட்டின் பகுதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘பாளவெப்பியின் மின்வடத்தை, முன்பே அமைந்துள்ள கம்பிக்கற்றையை ஒட்டித் தடமிடவும். வடத்தடம் புகைக்குழாய், விசிறி, கூர்மையான தகட்டு விளிம்பு ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். எரிபொருள் குழாயோடும் பிரேக் குழாயோடும் சேர்த்துக் கட்டக் கூடாது. என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையில் அசைநீளம் விடவும். வண்டியின் முன்வலையருகே (கிரில்) வரும் செருகுமுனைக்கு (பிளக்) மூடியிட்டு, உப்பும் பனிச்சேறும் புகாதபடி வாயைக் கீழ்நோக்கி நிறுத்தவும். குளிர்விப்பு நீர்மம் நிரப்பாமல் வெப்பிக்கு மின்சாரம் தர வேண்டாம், அது எரிந்துபோகும்.’

இதில் ‘செருகுமுனை’ மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. மூன்று முள் கொண்டது, அதில் ஒன்று நிலத்தொடுப்புக்கு (எர்த்) உரியது என்பது அச்சொல்லில் வெளிப்படவில்லை. அந்த நிலமுள்ளை ஒடித்துவிட்டு இருமுள் நீட்டிப்பு வடத்தில் செருகுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால், ‘மும்முனைச் செருகி’ என்று எண்ணிக்கையைப் பெயரிலேயே வைத்துவிடலாமா என்று குழுவினர் தெரிவிக்கக் கோருகிறேன்.