மேக் செக் பாஸ் ஆனால் பேக்கேஜ் சரி என்று எவர் சொன்னது?

மூலநிரலன்: வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ரெடிமேட் பேக்கேஜை நிறுவினேன், அதே பதிப்பின் சோர்ஸில் மேக் செக் ஓட்டினேன், எல்லாம் பாஸ், எனவே பேக்கேஜ் நம்பகமானது." தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மேக் செக் சோர்ஸோடு வரும் சோதனைக் கட்டளை, நீங்கள் நிறுவிய பேக்கேஜைத் தொடவே தொடாது. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ததைத் தற்காலிகமாக நிறுவி, அதில் தனி சர்வரைக் கிளப்பிச் சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு மேக் இன்ஸ்டால்செக்.

பேக்கேஜ்பாண்டி: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் ஐயா. இன்ஸ்டால்செக்கும் ஓட்டியாச்சு. சில டெஸ்ட் ஃபெயில், எல்லாம் சர்வரின் லோக்கேல் (மொழி, வரிசை அமைப்பு) 'சி' ஆக இல்லாததால் வந்த வரிசை வித்தியாசம்.

மூலநிரலன்: டெஸ்டை ஓட்டியது எந்த பிஎஸ்கியூஎல் (சர்வரோடு பேசும் கிளையன்ட் நிரல்)? கம்பைலுக்கு முன் கான்ஃபிகர் கட்டளையில் கொடுத்த 'பின்' (bin) அடைவிலிருந்துதான் இன்ஸ்டால்செக் அதை எடுக்கும். டெபியன் லினக்ஸ் பேக்கேஜின் பிஎஸ்கியூஎல் அங்கே இருக்காது.

பேக்கேஜ்பாண்டி: சர்வரைச் சோதிக்கிறேன். கிளையன்ட் எதுவானால் என்ன?

மூலநிரலன்: பேக்கேஜ் என்றால் சர்வர் மட்டுமா? கிளையன்ட் சர்வரோடு இணையும் சாக்கெட் இருக்கும் அடைவே வேறு. மூல சோர்ஸில் டெம்ப் (/tmp), டெபியனில் வார் ரன் (/var/run). எப்படி இணைந்தது என்றாவது சொல்லுங்கள்.

பேக்கேஜ்பாண்டி: எங்கே இணைய வேண்டும் என்று கிளையன்டுக்குச் சொல்ல பிஜிஹோஸ்ட் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டதில்லையா?

மூலநிரலன்: உண்டு. அதனால்தான் கேட்கிறேன், எந்த பிஎஸ்கியூஎல்?

மரியாரசிகன்: மரியாடிபி டேட்டாபேஸுக்குச் சோதனைத் தொகுப்பே தனிப் பேக்கேஜாக வருகிறது. இவ்வளவு கூத்து வேண்டாம்.

மூலநிரலன்: வந்துட்டாரய்யா! பேக்கப் விவாதத்திலும் இதே பல்லவி. அங்கே கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மரியாரசிகன்: அங்கே நீங்கள் கேட்டது கேள்வியா, வசவா?

காவல்காரன்: ஒரு குறுக்கீடு. இன்ஸ்டால்செக் கட்டளை, 'ரெக்ரெஷன்' என்ற பெயரில் டேட்டாபேஸ் இருந்தால் கேட்காமல் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். சூப்பர்யூசர் (முழு நிர்வாகி) உரிமையும் வேண்டும். புரொடக்‌ஷனில் (நிஜ வேலை நடக்கும் சர்வரில்) யாரும் ஓட்டித் தொலைக்காதீர்கள்.

பேக்கேஜ்பாண்டி: புரொடக்‌ஷனில் ஓட்டினேன் என்று நான் சொன்னேனா? ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

காவல்காரன்: உங்களைச் சொல்லவில்லை. தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள்.

மூலநிரலன்: பாண்டி, லோக்கேல் என்று ஒதுக்கினீர்களே, வெவ்வேறு லோக்கேலுக்கென்று ஒப்பிட்டுப் பார்க்க மாற்று விடைக் கோப்புகள் சோர்ஸிலேயே உண்டு. பல லோக்கேல்களில் அவை போதும். அதையும் மீறி ஃபெயில் என்றால் விடை வித்தியாசங்கள் பதிவாகும் ரெக்ரெஷன் டிஃப்ஸ் கோப்பைப் போடுங்கள், பார்க்கலாம்.

பேக்கேஜ்பாண்டி: போடுகிறேன். முதலில் நீங்கள் பேக்கேஜைச் சோதித்த லாக்கைப் போடுங்கள்.

மூலநிரலன்: நம்பகமானது என்று சொன்னவர் நீங்கள், லாக் நான் போடணுமா?

மரியாரசிகன்: இரண்டு பேரிடமும் லாக் இல்லை போல.