'சால்வன்ட் வெல்டிங்' என்பதற்குக் 'கரைத்திணைப்பு': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நெகிழித் தகடுகளைக் கரைப்பான் கொண்டு இணைக்கும் முறைக்கு, அதாவது பட்டறைகளில் 'சால்வன்ட் வெல்டிங்' என்று வழங்குவதற்கு, நம் கலைச்சொற்பட்டியலுக்காக இதுவரை மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன: கரைப்பான் பற்றவைப்பு, கரைப்பான் ஒட்டு, கரைப்பிணைப்பு. இவற்றுள் முதலாவதை நாம் ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற இரண்டிலும் குறைகள் உண்டு. ஆனால் அவை ஆளுக்குத் தீங்கு செய்யும் குறைகள் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், அக்ரிலிக் பெட்டிகள் செய்யும் ஒரு சிறு பட்டறைக்காகப் பாதுகாப்புக் குறிப்புத்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அகராதியைப் பின்பற்றி, 'கரைப்பான் பற்றவைப்பு செய்யும் முறை' என்றே தலைப்பிட்டிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் தாளை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, "ஊத்துன உடனே பத்த வைக்கணுமா சார், இல்ல காஞ்ச பிறகா?" என்று கேட்டார். தாளை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. தமிழை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் அப்படிக் கேட்டார்.

'பற்று' என்னும் வேர் ஒட்டிக்கொள்வதையும் குறிக்கும், தீப் பிடிப்பதையும் குறிக்கும். பொற்கொல்லர் நகையின் துண்டுகளைச் சேர்க்க வைக்கும் பொடியைப் பற்றாசு என்றனர். அங்கே ஊதுகுழலும் நெருப்பும் உடனிருந்தமையால் இரு பொருளும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. மின்வில் கொண்டு இரும்பை இணைப்பதைப் பற்றவைப்பு என்று சொல்வதும் அதே காரணத்தால் பொருந்துகிறது. ஆனால் நெருப்பை அருகில் விடவே கூடாத ஒரு வேலைக்கு அதே சொல்லை நீட்டும்போது, சொல்லே தவறான கட்டளையாகிவிடுகிறது.

இதற்கு மறுப்பாக ஐயா ஒருவர், அக்ரிலிக் வேலையில் பெரிதும் பயன்படுவது டைகுளோரோமீத்தேன் என்றும், அது எளிதில் தீப்பற்றாது என்பதால் இந்த அச்சம் மிகை என்றும் எழுதியிருந்தார். வணிகர்கள் எம்.டி.சி. என்றும் மெத்திலீன் குளோரைடு என்றும் விற்கும் இந்த நீர்மம் பெட்ரோலைப்போல் எரிவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் ஆவி சுடரையோ செஞ்சூடான உலோகத்தையோ தொட்டால் சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடும், நுரையீரலைக் கெடுக்கும் பாஸ்ஜீன் என்னும் நச்சு வளிமமும் உண்டாகக்கூடும். மேலும், நாம் உருவாக்கும் சொல் ஒரே கரைப்பானோடு நின்றுவிடாது. பி.வி.சி. குழாய்களை இணைக்கக் குழாய்த் தொழிலாளர்கள் 'சொல்யூஷன்' என்று கேட்டு வாங்கும் பசைகள் பலவற்றில் டெட்ராஹைட்ரோஃபியூரான் இருக்கிறது. அதன் தீப்பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை, சுழியத்திற்குக் கீழே 14 பாகை செல்சியஸ். அதாவது எந்த அறையிலும், எந்தப் பருவத்திலும், மூடியைத் திறந்தவுடன் அதன் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. அந்தப் புட்டியின்மேல் 'பற்றவைப்பு' என்று அச்சிட நாம் துணைபோகலாமா?

இனி, அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் எஞ்சிய இரு சொற்களையும் எடைபோட முடியும். இரண்டு அக்ரிலிக் தகடுகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி நிறுத்தி, ஊசிமுனை கொண்ட சிறு புட்டியால் இணைப்பின் ஓரத்தில் மெல்ல இழுத்தால், தண்ணீரைவிட இளகி ஓடும் அந்த நீர்மம் நுண்துளை ஈர்ப்பால் இடுக்கு முழுவதும் தானே பரவுகிறது. வெண்மையாகத் தெரிந்த விளிம்பு, நீர்மம் ஓடிய வழியெல்லாம் கண்ணாடிபோல் தெளிவதை வெறுங்கண்ணால் காணலாம். இரு பரப்புகளும் நொடிகளில் இளகி, ஒன்றின் மூலக்கூற்றுத் தொடர்கள் மற்றொன்றினுள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. சில நிமிடங்களில் கையில் எடுக்கலாம். முழு வலு வருவதற்கு ஒரு நாளேனும் விட்டுவைப்பது நல்லது.

ஆக, வேலை முடிந்தபின் நடுவே வேறு பொருள் எதுவும் எஞ்சுவதில்லை. 'ஒட்டு' என்றால் இரண்டுக்கும் இடையில் பசை ஒன்று நிற்கிறது என்ற எண்ணம் வரும். ஆகையால் அது பொருந்தாது. 'பிணைப்பு' என்பதைப் பாடநூல்கள் வேதிப் பிணைப்புக்கு ஒதுக்கிவிட்டன. இங்கே புதிய வேதிப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை, பின்னல் மட்டுமே.

எனவே கரைத்திணைப்பு என்னும் சொல்லை முன்மொழிகிறேன். கரைத்து, இணைப்பு என்னும் இரண்டும் சேர்ந்த எளிய புணர்ச்சி. செய்முறை வரிசையும் அதுவே. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: 'பாலிகார்பனேட்டைக் கரைத்திணைக்கலாம், பாலித்தீனையும் பாலிபுரோப்பிலீனையும் இம்முறையில் கரைத்திணைக்க முடியாது.' வெப்பத்தால் இணைக்கும் முறைக்கு உருக்கிணைப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இணையாக நிற்கும். 'இளக்கிணைப்பு' இன்னும் நுட்பமானது என்று அம்மா ஒருவர் சுட்டியிருந்தார். பரப்பு முழுதும் கரைவதில்லை, இளகுகிறது என்பது சரியே. ஆனால் வெப்பமும் இளக்கும். கரைப்பான் இருக்கிறது என்பதைச் சொல்லிலிருந்தே தொழிலாளி அறியவேண்டும். அந்த அறிவிப்பைத் தருவது 'கரைத்து' என்னும் முன்பாதிதான்.

அந்த அறிவிப்புக்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை ஏறத்தாழ 40 பாகை. சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் வைத்த புட்டியில் அது கொதிநிலைக்கு வெகு அருகிலேயே இருக்கும்; மூடியைத் திருகிய கணத்தில் முகத்தில் தெறிக்கக்கூடும். ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையிலும் மூலையிலும் தேங்கும். உடலுக்குள் சென்றதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறிக் குருதியின் உயிர்வளி சுமக்கும் திறனைக் குறைக்கிறது. பட்டறையை விட்டு வெளியேறிய பின்பும் சில மணி நேரம் இம்மாற்றம் தொடரும். வாடை வந்தால் வெளியே போய்விடலாம் என்று எண்ணுவோர் பலர். வாடை தெரியும் அளவே பாதுகாப்பு வரம்புகளுக்கு மிக மேலே இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்ததுடன், ஆய்வகம் போன்று விட்டுவைத்த இடங்களிலும் காற்றில் இதன் 8 மணி நேரச் சராசரி அளவு பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்படக் கூடாது என்று விதித்தது.

இதையொட்டி இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேதிப்பொருள் கையுறையைக் கடந்து தோலை எட்ட ஆகும் நேரத்துக்குத் 'தாங்குநேரம்' என்று பட்டியலில் இருக்கிறது. மெல்லிய நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் ஓரிரு நிமிடத்திற்குள்ளேயே கடந்துவிடும்; கையுறை கிழியாமலும் ஓட்டை விழாமலும் இருக்கும்போதே இது நடந்துவிடக்கூடும். ஆகவே 'ஊடுகடப்பு நேரம்' என்று மாற்ற வேண்டுகிறேன். பாலிவினைல் ஆல்கஹால் கையுறையோ பல்லடுக்குப் படலக் கையுறையோ இதற்கு ஏற்றது. முன்னது தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

ஆய்வகத்தில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் 'ஃபியூம் ஹூட்' என்பதற்கான 'புகைப் பேழை' பற்றித் தனியே எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஆவியைப் புகை என்பது எனக்கு ஒப்பவில்லை.

பட்டியலுக்கான பதிவை ஆய்வக எடுத்துக்காட்டோடு கீழே தருகிறேன், திருத்தங்களை வரவேற்கிறேன்.

கரைத்திணைப்பு: நெகிழிப் பரப்புகளைக் கரைப்பானால் இளக்கி, ஒன்றோடொன்று பின்னச் செய்து, கரைப்பான் ஆவியானபின் ஒரே துண்டாக்கும் முறை. வினை: கரைத்திணை. எடுத்துக்காட்டு: 'ஆய்வகத்திற்கான அக்ரிலிக் தாங்கிகளைக் கரைத்திணைக்கும்போது ஆவி உறிஞ்சும் பேழைக்குள் வைத்தே செய்க, சுடர், வெப்பத்தட்டு எதையும் அருகில் வைக்காதே, எஞ்சிய டைகுளோரோமீத்தேனைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், ஹாலஜன் கழிவுக்கென ஒதுக்கிய புட்டியில் சேர்த்து மூடுக.'

அன்புடன்,
பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதும் உறுப்பினர்