தரையை உடைக்காமல் ரேடியேட்டர் மாற்றிய அனுபவம்

இங்கிலாந்தில் எங்கள் வீடு 1960களில் கட்டியது. ஹாலில் இருந்த, சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அடிவிளிம்பு துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. தரை கான்கிரீட். இரண்டு செப்புக் குழாய்களும் அதற்குள்ளிருந்து நேராக மேலே வருகின்றன, கொஞ்சமும் அசையாது. வந்து பார்த்த பிளம்பர், தரையை உடைத்துக் குழாயை நகர்த்த வேண்டும் என்றார். மனசு கேட்கவில்லை.

பழையது அங்குலக் கணக்கில் செய்தது: 36 அங்குலம், அதாவது 914 மி.மீ. இப்போது கடையில் கிடைப்பது 900, இல்லையென்றால் 1000. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னதும், "ரேடியேட்டர் அகலத்தை விடு தம்பி, பைப் நடுவிலிருந்து பைப் நடுவரைக்கும் அளந்தியா? சுவர்லேருந்து பைப் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. சூடு அதிகம் வரட்டும் என்று இரட்டைத் தகடு கொண்ட 22 வகையை வாங்க இருந்தேன். அதில் குழாய் சேரும் வாய், சுவரை விட்டு இன்னும் வெளியே தள்ளி வரும். என் குழாய் அந்த இடத்துக்கு வரவே வராது. அதனால் ஒற்றைத் தகடும் பின்னால் மடிப்புகளும் உள்ள 11 வகையை எடுத்தேன். பழையதில் மடிப்பே கிடையாது, எனவே இதுவே அதைவிட நன்றாகச் சூடு தரும். உயரம் பற்றிக் கவலை இல்லை, வாய் கீழேதான் இருக்கிறது. சுவரில் மாட்டும் பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டால் இடைவெளி கொஞ்சம் மாறும், அதுவும் கைகொடுத்தது. 900 அளவில் வாங்கியதால் குறைந்த 14 மி.மீ.க்கு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இணைப்புத் துண்டு ஒன்றை ஒரு முனையில் மாட்டினேன். கொஞ்சம் சிறியதாக வாங்கினால் இப்படி நீட்டிக்கொள்ளலாம், பெரியதாக வாங்கிவிட்டால் வழியே இல்லை.

பழையதைக் கழற்றும்போது, ஒரு முனையில் தண்ணீர் ஓட்டத்தை அளவாக வைக்கும் லாக்‌ஷீல்டு வால்வை எத்தனை சுற்றில் மூடுகிறோம் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டே கால் சுற்று. திரும்ப அதே அளவு திறந்தால் மற்ற அறைகளின் சூடு மாறாது. மறுமுனையில், அறையின் சூட்டுக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு இருந்தால், அதைப் பூஜ்யத்தில் வைத்தால் மட்டும் போதாது, குளிர் அதிகமானால் அது தானாகத் திறந்துகொள்ளும். அந்த வால்வின் தலையைக் கழற்றிவிட்டுத் திருகு மூடி போட்டே ஆக வேண்டும். உள்ளிருந்து வந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பு. கம்பளத்தில் பட்டால் போகாது, பழைய துண்டுகளை நிறைய விரித்து வையுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

புதியதை மாட்டி, இணைப்புகளின் திருகு மரைகளில், கசிவைத் தடுக்கும் மெல்லிய பி.டி.எஃப்.இ. டேப்பைப் பன்னிரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றினேன். தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, பாய்லர் அழுத்தத்தை 1.2 பாரில் நிறுத்தினேன். துரு தடுக்கும் திரவமும் மறக்காமல் ஊற்றினேன். இரவு முழுக்க இரண்டு இணைப்பிலும் டிஷ்யூ காகிதம் சுற்றி வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.