அமிலமேறல், அமிலமேற்றல்: இரண்டும் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நரம்புச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் ஊடகத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், அமிலத்தன்மை கூடுவதற்கு (ஆங்கிலத்தில் acidification) ஒரு சொல் கேட்டிருந்தார்கள். அமிலமயமாக்கம், காடியாதல், புளிப்பாக்கம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழியில் உயிரியல் கற்பிக்கிறவன் நான். மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

காடி பழைய சொல், நல்ல சொல். ஆனால் இந்தப் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் கழுநீர். 'காடியாயாலும் மூடிக்குடிக்கணம்' என்று மலையாளத்தில் பழமொழியே உண்டு. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் பிள்ளைகளிடம் 'காடியாதல்' என்றதும் தொழுவம்தான் நினைவுக்கு வந்தது. அமிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. மலையாளத்தில் அம்லம், தெலுங்கில் ஆம்லம். எல்லையோரப் பிள்ளைகளுக்கு அது பழகிய ஒலி. ஆகவே அமிலத்தையே அடியாகக் கொள்வோம்.

'அமிலமயமாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. நீளம் ஒரு குறைதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'ஆக்கம்' என்றால் ஆக்குகிறவர் ஒருவர் வேண்டும். வளர்ப்புத் தட்டில் பெரும்பாலும் யாரும் அமிலத்தை ஊற்றுவதில்லை. செல்கள் குளுக்கோஸை எரித்து லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டைஆக்சைடையும் வெளிவிடுகின்றன. ஊடகம் தானாகவே மாறுகிறது. அதில் கலந்திருக்கும் ஃபீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. இது தன்வினை. ஊடகத்தின் பிஎச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இது குறையும்) 7.4இலிருந்து 6.8க்கு ஆய்வாளர் வேண்டுமென்றே இறக்கி, செல் என்ன செய்கிறது என்று பார்ப்பது வேறு செயல். அது பிறவினை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. ஏறு, ஏற்று என்ற இணை கையில் இருக்கும்போது நாம் ஏன் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டும்?

என் பரிந்துரை: தானாக நிகழ்வது அமிலமேறல், ஆய்வாளர் செய்வது அமிலமேற்றல். உப்பேறிய நிலம், துருவேறிய கத்தி என்று நாம் அன்றாடம் சொல்லும் வழக்குத்தான் இது.

பிஎச் எண் இறங்கும்போது 'ஏறல்' என்பது முரணாகாதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இறங்குவது எண், ஏறுவது ஹைட்ரஜன் அயனி. 7.4இலிருந்து 7.1க்கு வந்தால் எண்ணில் 0.3தான் குறைவு, ஆனால் அயனிச் செறிவு இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த ஏற்றத்தைத்தான் நரம்புச் செல் உணர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் சர்க்கரைச் சிதைவு தளர்கிறது. நரம்புச் செய்தியை வாங்கும் குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகை அடங்கிப்போகிறது. அமிலமுணரும் அயனி வாயில்கள் திறந்து சோடியமும், சிலவற்றில் கால்சியமும் உள்ளே நுழைகின்றன. அளவு மீறினால், நரம்பிழையின் நுனியில் இருந்து தடவித் தடவி வழி தேடிப் போகும் வளர்கூம்பு பின்வாங்குகிறது, செல்லும் மடிகிறது. எண்ணுக்கு 'பிஎச் இறக்கம்' என்றும் நிகழ்வுக்கு 'அமிலமேறல்' என்றும் ஒரே பத்தியில் எழுதினாலும் குழப்பம் வராது.

அமெரிக்க உயிரியலாளர் ரோஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, நரம்பிழை வளர்வதைக் கண்டு வெளியிட்டது 1907இல். டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் பிஎச் அளவுகோலைத் தந்தது 1909இல். தன் துளியில் அமிலம் எவ்வளவு ஏறியது என்று சொல்ல ஹாரிசனுக்குப் பிஎச் எண் இல்லாத காலம் அது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

'புளித்தல்' என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே இரவில் ஊடகம் மஞ்சளாகிக் கலங்கலாகவும் நின்றால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்றுதான் முதலில் ஐயப்படுவார்கள். தோசை மாவில் நடப்பதும் நுண்ணுயிரின் வேலையே. ஆகவே 'புளித்த ஊடகம்' என்பதை நுண்ணுயிர் புகுந்த ஊடகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நரம்புச் செல் அமிலமேறலால் தளர்ந்ததா, புளிப்பால் கெட்டதா என்று ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரே சொல்லில் பிரித்தெழுத முடியும்.

எதிர்த்திசை மாற்றத்துக்கும் சொல் வேண்டும். 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடு நிரப்பிய அடைப்பெட்டியிலிருந்து தட்டை வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்தால், வாயு வெளியேறி ஊடகம் ஊதாச் சிவப்பாகிறது. அதைக் காரமேறல் என்கிறேன். மிளகாய்க் காரம் குறுக்கிடும் என்பது தெரியும். ஆனாலும் வேதியியலில் காரம் வேரூன்றிவிட்ட சொல், அதை மாற்ற நான் துணியமாட்டேன். இரண்டையும் தடுப்பதற்குப் பாடநூலின் 'தாங்கல் கரைசல்' இருக்கிறது, அதுவே போதும்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்: 'மூன்றாம் நாள் ஊடகத்தில் அமிலமேறல் தெரிந்தது, பாதியை மாற்றினோம். இரண்டாவது தொகுதியில் 6.8 வரை அமிலமேற்றிய பின் நரம்பிழைகளின் நீளத்தை அளந்தோம்.' எனக்கு இடறவில்லை. திருநெல்வேலியிலும் இலங்கையிலும் உள்ள நண்பர்களுக்கு எங்கே இடறுகிறது என்று அறிய விரும்புகிறேன்.